வேலியோரச் சுண்டை முதல் விற்பனைப் பொட்டலம் வரை: மதுரைப் பக்கம் வற்றல் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சுண்டைக்காய் வற்றல் போடத் தெரிந்த வீடுகளுக்கு மதுரையைச் சுற்றிப் பஞ்சமில்லை. அதைப் பொட்டலம் போட்டு நாலு கடைக்குக் கொடுப்போம் என்று இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வற்றல் போடுகிற பெரியம்மாவுக்குப் பதிவுச் சான்று என்றால் என்னவென்று தெரியாது. சான்று வாங்கித் தருகிறேன் என்பவருக்குக் காய் மோரில் எத்தனை ராத்திரி ஊற வேண்டும் என்று தெரியாது. ஆளுக்கொன்றாகச் சொன்னதைக் கேட்டுக் கேட்டு நான் அலைந்தது போதும். நீங்களும் அலைய வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

பறிக்கத் தொடங்குவதற்கு முன்னால் 7-ஆம் படியைப் படித்துவிடுங்கள். தை மாதத்திலேயே பதிவு வேலையை ஆரம்பித்தால் மாசி வெயில் வரும்போது காகிதம் கையில் இருக்கும்.

1. எந்தச் சுண்டை என்று பாருங்கள்

இங்கே சுண்டை என்று இரண்டைச் சொல்கிறார்கள். கொல்லையில் வளர்க்கும், கசப்புக் குறைந்த சுண்டை ஒன்று. கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தரிசிலும் தானாக முளைத்து ஆள் உயரத்துக்கு மேல் போகிற காட்டுச் சுண்டை இன்னொன்று. பச்சையாகக் குழம்பு வைக்க முதலாவது நல்லது. வற்றலுக்குக் காட்டுச் சுண்டைதான். அந்தக் கசப்பும் வாசமும் இல்லாவிட்டால் வத்தக்குழம்பு வெறும் புளிக்குழம்பு.

அடையாளம்: அகலமான இலை, ஓரம் வளைந்து வெட்டுப்பட்டிருக்கும். தண்டில் முள். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். காய் பட்டாணியைவிடச் சற்றுப் பெரிது, கொத்துக் கொத்தாக நிற்கும். பூ ஊதா நிறமென்றால் கை வைக்காதீர்கள். கண்டங்கத்தரி, முள்ளி, தூதுவளை எல்லாம் ஒரே கத்தரிக் குடும்பம், எல்லாவற்றிலும் முள் உண்டு, எல்லாமே ஊதாப் பூ. அவற்றுக்கும் மருத்துவப் பயன் உண்டு, ஆனால் வற்றல் கூடையில் அவற்றுக்கு இடமில்லை. கூலிக்கு ஆள் விட்டுப் பறித்தால் முதல் கூடையைக் கொட்டிப் பார்த்துவிடுங்கள். கண்டங்கத்தரிக் காயில் வெள்ளையும் பச்சையுமாகக் கோடு ஓடும், பளிச்சென்று தெரியும்.

2. பறிக்கும் இடம்

அழகர்மலையிலும் சிறுமலையிலும் செடி இருக்கிறதே என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் எதைப் பறித்தாலும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வழக்கும் அபராதமும் ஒரு கூடைக் காய்க்கு வேண்டாத வேலை. பட்டா நிலத்து வேலியில் பறிப்பதென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சும்மா கிடந்த செடியாக இருந்தாலும், விற்கத்தான் பறிக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லி ஒரு சிறு தொகை பேசிக்கொள்வது அடுத்த வருடத்துக்கும் நல்லது. கண்மாய்க் கரையென்றால் ஊராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் தடை இல்லாவிட்டாலும் பறிக்கக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, மல்லிகைத் தோட்டத்து வேலி. மொட்டுப்புழுவுக்கு அடிக்கிற மருந்து வேலிக்கும் சேர்த்துத்தான் விழுகிறது. சுண்டைச் செடி அங்கே கொழுகொழுவென்று இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். இன்னொன்று, சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரம். நகருக்குள் கிருதுமால் ஓடுகிற பக்கமெல்லாம் இதில் சேர்த்தி.

தொடர்ந்து செய்வதாக இருந்தால் சொந்தமாக ஒரு வேலி போட்டுவிடுங்கள். விதையிலும் வரும், குச்சியை நட்டாலும் வரும். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம். இதன் வேர் முரட்டு வேர். மண்ணிலிருந்து வரும் வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்கும் என்பதால் கத்தரியை இதன்மேல் ஒட்டுக்கட்டி விற்கிறார்கள். நர்சரியில் சுண்டை நாற்று கேட்டால் ஒட்டுக் கத்தரியை எடுத்து நீட்டுவதும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

3. பறித்தல், நசுக்கல்

காய் பச்சையாக, கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். மஞ்சள் ஓடிவிட்டால் விதை முற்றியிருக்கும், வறுத்தால் பல்லில் மாட்டும். சந்தையில் காய் கொண்டுவரும் ஒரு பெரியம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: "கொத்தோட ஒடிக்கணும் தம்பி. ஒத்த ஒத்தக் காயாப் புடுங்குனா முள்ளு கைய விடாது." வீட்டுக்கு வந்து நிழலில் உட்கார்ந்து காம்பு ஆய்ந்துகொள்ளலாம். அன்று பறித்ததை அன்றே ஆய்ந்துவிடுங்கள், சாக்கில் கட்டி வைத்தால் புழுங்கி நிறம் மாறிவிடும்.

காயை இரண்டு தண்ணீரில் அலசி, அம்மியில் குழவியை வைத்து லேசாகத் தட்ட வேண்டும். வாய் பிளந்தால் போதும், கூழாகக் கூடாது. இங்கே கவனிக்க வேண்டியது: பிளந்த காய் காற்றுப் பட்டதும் கறுக்கத் தொடங்கும். தட்டியதைக் குவித்து வைத்துவிட்டுப் பிறகு மோரில் போடலாம் என்று நினைத்தால் வற்றல் கருநிறமாகத்தான் வரும். பக்கத்திலேயே உப்புப் போட்ட மோர்ச் சட்டியை வைத்துக்கொண்டு, தட்டத் தட்ட அதற்குள் தள்ளுங்கள். விரலும் நகமும் கறுத்துப் போகும், நாலைந்து நாளைக்குப் போகாது. கல்யாண வீட்டுக்குப் போகிற வாரத்தில் இந்த வேலை வேண்டாம்.

4. மோரும் வெயிலும்

ஒரு கிலோ காய்க்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் நன்றாகப் புளித்த மோர், 75 முதல் 100 கிராம் கல்லுப்பு. மண்பானை, பீங்கான் ஜாடி, எவர்சில்வர் எது வேண்டுமானாலும் சரி, அலுமினியம் மட்டும் ஆகாது. புளிப்பும் உப்பும் சேர்ந்து பாத்திரத்தை அரிக்கும்.

ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் காயை மட்டும் வடித்துப் பருத்தி வேட்டியிலோ பாயிலோ பரப்பிக் காயவிடுங்கள். மோரைக் கொட்டிவிடாதீர்கள், அதையும் மூடி வெயிலில் வையுங்கள். சாயங்காலம் காயைத் திரும்ப அதே மோரில் போடுங்கள். மூன்று ராத்திரி இப்படி ஊறினால் மோர் அநேகமாகக் காய்க்குள் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மோர் வேண்டாம், வெயில் மட்டும். நல்ல வெயிலென்றால் இன்னும் நாலைந்து நாள். ஆக ஒரு ஈடுக்கு ஏழெட்டு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு உரிய காலம் மாசி, பங்குனி, சித்திரை. மதுரை வெயிலைத் திட்டாத ஆளில்லை, ஆனால் வற்றல்காரருக்கு அதுதான் முதலீடு. ஆனி, ஆடியில் வெயில் இருந்தாலும் காற்று மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். இரண்டு நாள் மூடாப்புப் போட்டால் மோரில் ஊறிய காய் பூசணம் பிடித்துவிடும். பூசணம் பிடித்ததைத் துடைத்துக் காயவைத்து விற்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், மொத்த ஈட்டையும் கொட்டுங்கள்.

பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், அடியில் வேர்த்து நிற்கும். சாலையோரத்தில் காயப்போடவும் வேண்டாம். மொட்டைமாடியில் கட்டில் போட்டு, மேலே கொசுவலைத் துணி கட்டினால் காக்கா, தூசி, ஈ மூன்றுக்கும் ஒரே பதில்.

5. காய்ந்துவிட்டதா?

மேலே காய்ந்திருக்கும், உள்ளே விதைப் பக்கம் ஈரம் நிற்கும். புதிதாக வருபவர்களின் சரக்கு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கைப்பிடி அள்ளி டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள், காய்ந்த வேர்க்கடலைபோல் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஒன்றை எடுத்து இரண்டாக உடைத்தால் 'கடக்'கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு வெயில்.

வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு கவரில் போட்டு ஒட்டாதீர்கள். உள்ளே ஆவி வேர்த்து, பத்து நாளில் மக்கல் வாடை வரும். நிழலில் நன்றாக ஆறவிட்டு, ஆறியதும் தாமதிக்காமல் கட்டுங்கள். மொத்தமாக வைப்பதென்றால் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. ஐப்பசிக்கு முன்பே கையிருப்பை விற்று முடிப்பதுதான் என் வழக்கம்.

6. காசுக் கணக்கு

ஒரு கிலோ வற்றலுக்குச் சுமார் நாலு கிலோ பச்சைக் காய் பிடிக்கும். விலை ஏறி இறங்கும் என்பதால் கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். பச்சைக் காய் கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காய்க்கே 320 ரூபாய். அதோடு மோர், உப்பு, ஆய்ந்து தட்டும் கூலி, கவர், லேபிள், கடைக்காரர் கழிவு. எல்லாரும் மறப்பது கூலியைத்தான். காம்பு ஆய்வது நேரம் தின்னும் வேலை. 'வீட்டு ஆள்தானே' என்று அம்மாவின், மனைவியின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விலை வைத்தால், வியாபாரம் பெருகி வெளியாள் வைக்கும் அன்றைக்குக் கை கடிக்கும். முதல் நாளே எழுதிவிடுங்கள்.

விலை பார்க்க உழவர் சந்தை, மாட்டுத்தாவணி, பரவை என்று ஒரு சுற்று வாருங்கள். வற்றல் மொத்த விலைக்குக் கீழமாசி வீதியில் விசாரியுங்கள். மொத்த விலைக்கே கொடுப்பதாக இருந்தால் உங்கள் உழைப்புக்குப் பெரிதாக மிஞ்சாது. 50, 100 கிராம் பொட்டலம்தான் கட்டுபடியாகும்.

7. உணவுப் பாதுகாப்புப் பதிவு

வீட்டில் செய்து வாட்ஸ்அப்பில் விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். 2011-ஆம் ஆண்டு விதிகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு தொழிலுக்கு அடிப்படைப் பதிவையும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தையும் வைத்தன. விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் காட்டும் வரம்பையும் கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் பெயர் ஃபோஸ்காஸ். அந்தப் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பவை பல நேரம் தனியார் தளங்கள். அரசுச் சின்னம் மாதிரியே ஒன்றைப் போட்டுக்கொண்டு, உங்கள் எண்ணை வாங்கிப் போன் பண்ணி ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். முகவரியின் கடைசியில் அரசு இணையதளங்களுக்கு உரிய 'ஜிஓவி டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள். நான் போய் நின்ற ஒரு பிரௌசிங் சென்டரிலும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்டார்கள். ரசீது கேட்டதும் பேச்சு மாறியது. எனவே எங்கே செய்தாலும் அரசுத் தளம் தரும் ரசீதைக் கையில் வாங்குங்கள்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை:

- பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம்
- ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை
- செய்யும் இடத்துக்குச் சான்று. சொந்த வீடென்றால் வீட்டுவரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது, வாடகையென்றால் ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம்
- உங்கள் சொந்தக் கைபேசி எண், மின்னஞ்சல்

கடைசி வரியை அலட்சியமாக விடாதீர்கள். நிரப்பிக் கொடுப்பவர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் பதிவு பற்றிய தகவல் அவருக்குத்தான் போகும், கடவுச்சொல்லும் அவரிடம்தான் இருக்கும்.

விண்ணப்பத்தில் தொழில் வகை கேட்கும் இடத்தில் தயாரிப்பு என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில்லறை விற்பனை என்று மட்டும் போட்டால் நீங்கள் செய்த பொருளுக்கு அந்தப் பதிவு பொருந்தாது. உணவு வகையில் 04, அதாவது பழம் காய்கறி சார்ந்தவை. 2011 விதிகள் ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை கேட்க இடம் தந்தன, விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் என்ன காட்டுகிறதென்று இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிப்படி ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருவதாகச் சொல்ல வேண்டும். பார்க்க வந்தால் 30 நாளுக்குள் முடிவு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் அவர் கண் போவது தண்ணீர், காயவைக்கும் இடம், பூச்சி எலி வராத சேமிப்பு, செய்பவரின் கைச்சுத்தம் ஆகியவற்றில்தான். பயப்பட ஒன்றுமில்லை. கிடைப்பது 14 இலக்க எண்.

கடனோ மானியமோ பின்னால் கேட்கும் எண்ணம் இருந்தால் உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவும் செய்துவையுங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது, இங்கேயும் போலித் தளங்கள் உண்டு. ஜிஎஸ்டி, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை உள்ளூரில் பொருள் விற்கிறவருக்கு இப்போதைக்குத் தலைவலி இல்லை. செய்முறைப் பயிற்சிக்கு ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையத்தில் கேளுங்கள்.

8. லேபிளும் தராசும்

தமிழில் மட்டும் அச்சடித்தால் செல்லாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழ் கூடுதலாக. எனக்கும் இது பிடிக்கவில்லை, ஆனால் விதி அப்படித்தான். ஆயிரம் லேபிள் அடித்துவிட்டுத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது மேல்.

இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, நிகர எடை, தொகுதி எண், தயாரித்த தேதி, எதுவரை உண்ணலாம் என்ற தேதி, உங்கள் பெயர் முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் எண்ணும், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, ஒரு கிராமின் விலை, புகாருக்குத் தொலைபேசியும் மின்னஞ்சலும். மோர் சேர்ப்பதால் 'பால் அடங்கியது' என்ற ஒவ்வாமை வரியும் தேவை. வீட்டுப் பொருள் விற்பவர்கள் விட்டுவிடுவது இந்த வரியைத்தான்.

பொட்டலம் போடுபவராக, தொடங்கிய 90 நாளுக்குள் சட்டமுறை எடையளவுப் பிரிவில் பதிய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும். புதுத் தராசு வாங்கும்போதே முத்திரைச் சான்றோடு கேட்டு வாங்குங்கள்.

9. மருந்து என்று எழுதாதீர்கள்

வயிற்றுப் பூச்சிக்கும், செரிக்காத வயிற்றுக்கும், சளிக்கும் சுண்டை நல்லதென்பது வீடுதோறும் தெரிந்த சேதி. சித்த மருத்துவத்தில் சுண்டைவற்றல் சூரணம் என்றே ஒரு மருந்து கழிச்சலுக்குத் தருகிறார்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது உணவுக்கான பதிவு. லேபிளிலோ வாட்ஸ்அப் விளம்பரத்திலோ 'சர்க்கரை குறையும்', 'மூலம் தீரும்' என்று எழுதினால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சூரணமாக விற்கும் ஆசை இருந்தால் அதற்கு மருந்து உரிமம் தனி.

வாங்குபவர்கள் வாயால் கேட்பார்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் இதில் உப்பு அதிகம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பூச்சி மருந்தாகக் குழந்தைக்குக் கேட்டால் சித்த மருத்துவரிடம் அனுப்புங்கள். பச்சைக் காயை அப்படியே மெல்லச் சொல்லாதீர்கள், வேக வேண்டும்.

10. எப்படிச் சமைப்பது என்று ஒரு சீட்டு

இளவட்டங்களுக்கு வறுக்கத் தெரியவில்லை. கருக்கிவிட்டு, கசக்கிறது என்று உங்களைக் குறை சொல்வார்கள். நல்லெண்ணெயில் சிறு தீயில், பொன்னிறம் தாண்டி லேசாகச் சிவக்கும்போது எடுக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் எண்ணெய்ச் சூட்டில் கறுக்கும், உடனே வடித்துவிடச் சொல்லுங்கள். வத்தக்குழம்பில் உப்பைப் பாதியாகப் போட்டு, வற்றல் சேர்ந்த பிறகு ருசி பார்க்க வேண்டும். பழைய சோற்றுக்கும் தயிர்ச் சோற்றுக்கும் வறுத்ததே போதும். வேப்பம்பூ, மணத்தக்காளி வற்றல், மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயத்தோடு வறுத்துத் திரித்தால் அங்காயப் பொடி. பிள்ளை பெற்றவர்களுக்குச் சூடான சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து கொடுப்பது. அந்தப் பொடியையும் விற்பதானால் பதிவில் அதையும் சேர்க்க வேண்டும், வற்றலுக்கு வாங்கிய வகையிலேயே ஓட்ட முடியாது.

கடைகளுக்கு முதல் தடவை கொடுக்கும்போது பத்து பொட்டலத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பெரும்பாலான கடைகள் விற்ற பிறகுதான் காசு தரும், விற்காததைத் திருப்பித் தரும். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பொட்டலத்தைத் தொகுதி எண்ணோடு வீட்டில் எடுத்து வையுங்கள். புகார் வந்தால் அதைப் பிரித்துப் பார்த்து, கோளாறு நீங்கள் காயவைத்த விதத்திலா கடைக்காரர் வைத்த இடத்திலா என்று சொல்ல முடியும். லேபிளில் போட்ட கெடு தேதி தாண்டிய பிறகு அதை எடுத்துவிடலாம்.